உறையில் நின்றுபோன அட்டை

சோஹாரில் நகைக்கடை வைத்திருந்த ஹிலால் பாபாவுக்குப் போலீஸைக் கண்டால் ஒரு வழக்கம் உண்டு. அவருடைய டிரைவர் உடையப்பனுக்கு அந்த வழக்கம் சுத்தமாகப் பிடிக்காது.

பாபாவிடம் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. கல்யாண வீடுகளுக்குத் தங்கம் எடுத்துப் போகிறவர் என்பதால் முறையாக எழுதிக் கொடுத்து, காத்திருந்து, அதைக் கூடவே வைத்துக்கொள்ள அனுமதி வாங்கியிருந்தார். வெள்ளை அங்கிக்குள் இடுப்பில் செருகியிருப்பார். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிடுகிறவனுக்குக்கூடத் தெரியாது. அப்பேர்ப்பட்ட ரகசியத்தை, சாலையில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினால் போதும், தம்பட்டம் அடிக்காத குறையாகச் சொல்லிவிடுவார். வண்டி நின்றதும் நாலு கண்ணாடியையும் இறக்கச் சொல்வார். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் டேஷ்போர்டின் மேல் விரித்து வைப்பார். சலாம் சொன்ன கையோடு அடுத்த வார்த்தை இதுதான்: மகனே, என் இடுப்பில் துப்பாக்கி இருக்கிறது, அதற்கான அட்டை டிரைவரிடம் இருக்கிறது, எடுக்கச் சொல்லட்டுமா.

உடையப்பன் டேஷ்போர்டு அறைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டுவார். அதில் இரண்டு அட்டைகள் இருக்கும். ஒன்று வண்டியின் முல்கியா, அதாவது பதிவு அட்டை. இன்னொன்று துப்பாக்கி அனுமதி. போலீஸ்காரர் இரண்டையும் பார்ப்பார், பாபாவின் முகத்தைப் பார்ப்பார், சிரிப்பார், சில சமயம் பாபாவின் உடம்பு எப்படி என்றுகூட விசாரிப்பார். அப்புறம் யல்லா, போகலாம். மொத்தமே ஒரு நிமிஷ வேலை.

கேட்காமலே ஏன் பாபா சொல்ல வேண்டும் என்று உடையப்பன் ஒருமுறை தன் ஓட்டை அரபியில் கேட்டார். பாபா கோபப்படவில்லை. அந்தப் பையனுக்கு நான் யாரென்று தெரியாது, அவனுக்கும் வயிற்றில் பயம் இருக்கும், நானாகச் சொன்னால் அவன் என்னை அப்பன் மாதிரி பார்ப்பான், அவனாகக் கண்டுபிடித்தால் திருடன் மாதிரி பார்ப்பான், துப்பாக்கி அதேதான், அட்டையும் அதேதான் என்றார். உடையப்பன் தலையை ஆட்டிவைத்தார். வெள்ளிக்கிழமை ரூமில் நண்பர்களிடம் இதைச் சொல்லிச் சிரித்ததும் அவர்தான். இந்த நாட்டுக்காரருக்கு அது சரி, நம்மை மாதிரி ஆளுக்கு அந்த வீரமெல்லாம் வேலைக்கு ஆகாது என்று எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

உடையப்பனைச் சும்மா குறை சொல்லவும் முடியாது. காளையார்கோவில் பக்கத்துக்காரர். வளைகுடாவில் அவர் முதலில் கற்றுக்கொண்ட பாடமே வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான். இருபத்தெட்டு வயதில் துபாய் வந்து அல் குசைஸில் ஒரு கேம்பில் எட்டுப் பேரோடு ரூமில் இருந்தார். கீழ்க்கட்டிலில் அழகுமலை என்று ஒரு கொத்தனார், நல்ல மனிதர், நல்லவராக இருப்பதைத் தவிர வேறு தப்பு செய்யாதவர். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் நிறுத்தத்தில் கிடந்த கைப்பையை எடுத்து, ரோந்து வந்த போலீஸிடம் தானாகப் போய்க் கொடுத்தார். எங்கே கிடந்தது, எப்போது எடுத்தாய், ஏன் திறந்தாய், உள்ளே இருந்தது இவ்வளவுதானா என்று அவர்கள் கேட்டது அவர்கள் கடமை. அதற்காக மூன்று முறை ஸ்டேஷனுக்குப் போய் வந்தார். போன நாளெல்லாம் டியூட்டிக்கு வரவில்லை என்று சூப்பர்வைசர் குறித்துக்கொண்டார். அழகுமலையின் ஒப்பந்தம் முடிந்தபோது அதைப் புதுப்பிக்கவில்லை.

அன்று முதல் அந்த ரூமுக்கே அது சட்டமாகிவிட்டது. போலீஸ் கேட்டால் மட்டும் பேசு. கேட்டதற்கு மட்டும் பேசு. சந்தேகமாக இருந்தால் மாஃபி மாலூம், எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். புதிதாக வருகிறவனுக்குக் குளியலறை எங்கே என்று காட்டுவதற்கு முன்பு இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். உடையப்பனும் பல பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஓமானுக்கு வந்து பாபா வீட்டில் டிரைவராகச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகியும் அந்தச் சட்டம் அவர் ரத்தத்திலேயே ஊறிக் கிடந்தது.

அந்த வீட்டிலேயே வேலை பார்த்தவர் காளியம்மா. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். பதினோரு வருடமாகச் சமையல், துணி, பாபாவின் பேரக்குழந்தைகள் எல்லாம் அவர் பொறுப்புதான். உடையப்பனை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஊருக்குப் போனில் பேசுவது தவிர, காளியம்மா பேசுகிற தமிழ் முழுக்க உடையப்பனோடுதான். தன் மனைவி வடிவிடம் சொல்லாத விஷயத்தைக்கூட உடையப்பன் காளியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். சமையலறை வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டே சொன்ன கதைகள் கொஞ்ச நஞ்சமில்லை.

போன வருடம் காளியம்மாவின் ஒரே மகள் மேனுஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நாலு வருடமாக ஊர் போகாமல் லீவைச் சேர்த்து வைத்திருந்தார் காளியம்மா. தேதி குறித்தாயிற்று, டிக்கெட் எடுத்தாயிற்று, பெட்டி பாதி கட்டியாயிற்று. கிளம்புவதற்கு நாலு நாள் இருந்தது. கல்யாணத்துக்கு எட்டு நாள்.

அன்று பாபா மலைப்பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கல்யாண நகை கொடுக்கப் போனார். அது அவர் மனைவி பிறந்த ஊர். அங்கிருக்கும் தங்கைக்கு என்று வீட்டம்மா ஒரு கூடை நிறைய அல்வாவும் துணிமணியும் கொடுத்து, காளியம்மாவையும் கூட அனுப்பினார். போனார்கள், நகையைக் கொடுத்தார்கள், கூடையைக் காலி செய்தார்கள், மதியச் சாப்பாடும் ஆயிற்று. கை கழுவ எழுந்த பாபா அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில் ஒரே கலவரம். பாபாவின் மனைவிவழி மருமகன் ஒருவர் தன் வண்டியில் அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஏற்றுவதற்கு முன்பு, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் பாபா உடையப்பனைக் கூப்பிட்டார். இடுப்பிலிருந்ததை எடுத்து, நகை போடும் கறுப்பு வெல்வெட் பையில் வைத்துக் கையில் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய் மகன் நாசரிடம் கொடு என்றார். வழியில் போலீஸ் நிறுத்தினால் முதலில் நீ சொல்லிவிடு, அட்டையைக் காட்டு, எனக்கு என்ன ஆயிற்று என்று சொல், நாசருக்குப் போன் போடச் சொல். இவ்வளவையும் இரண்டு முறை சொன்னார். உடையப்பனும் இரண்டு முறை தைய்யிப் பாபா, சரி பாபா என்றார்.

அவர் சரி என்று சொன்னது பொய்யில்லை. அந்த நிமிஷத்தில் நிஜமாகவே அப்படித்தான் செய்வதாக இருந்தார். வண்டி அந்தப் பக்கம் போனதும்தான் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அட்டையில் இருப்பது பாபாவின் படம். பாபா வண்டியில் இல்லை. பாபா இல்லாத வண்டியில் பாபாவின் துப்பாக்கியோடு இவர் யார்? டேஷ்போர்டு அறைக்குள் வைத்தால் முல்கியா எடுக்கும்போதே கண்ணில் படும். சீட்டுக்கு அடியில் வைத்தால் தன் சீட்டு. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்சீட்டில் காளியம்மாவின் காலடியில் இருந்த காலிக் கூடைக்குள் அதை வைத்து மேலே துணியைப் போட்டு மூடினார். பொம்பளை சாமானைப் போலீஸ் தொடாது என்பது அவர் கணக்கு.

காளியம்மா கூடையைத் தள்ளி வைக்கப் பார்த்து, என்ன இப்படிக் கனக்கிறது என்று கேட்டார். பாபாவின் சாமான், நீ பேசாமல் வா என்றார் உடையப்பன். காளியம்மா அதற்குமேல் கேட்கவில்லை. பாபாவை நினைத்து வழி முழுக்க முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

மலையிறங்கி நெடுஞ்சாலையைத் தொட்ட இடத்தில் போலீஸ் சோதனைச் சாவடி. பெருநாள் விடுமுறைக்கு முந்தின நாள் என்பதால் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக்கொண்டிருந்தார்கள். வரிசை மெதுவாக நகர்ந்தது. உடையப்பனுக்குச் சொல்லிப் பார்த்துக்கொள்ள அவகாசம் தாராளமாக இருந்தது. சொல்ல வேண்டிய அரபி வார்த்தைகளைக்கூட மனசுக்குள் அடுக்கிப் பார்த்தார். பாபா ஆஸ்பத்திரியில், துப்பாக்கி பாபாவுடையது, அட்டை இதோ. மூன்றே துண்டு. பதினான்கு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பாட்டு, மறந்துபோவதற்கும் வழியில்லை.

வந்தது ஓர் இளம் அதிகாரி. சலாம் சொல்லி, வண்டி அட்டை கேட்டார். உடையப்பன் உறையை எடுத்தார். இரண்டு அட்டைகளும் வழக்கம்போல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. உறையோடு நீட்டியிருந்தால்கூடப் போதும், வாயைத் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. அவர் விரலை உள்ளே விட்டு, முல்கியாவை மட்டும் நகத்தால் பிரித்து, தனியாக எடுத்துக் கொடுத்தார். அனுமதி அட்டை உறைக்குள்ளேயே நின்றுவிட்டது. உறையை மடித்து டேஷ்போர்டு அறைக்குள் தள்ளினார்.

வண்டியில் ஆயுதம், மது, ரொக்கம் ஏதாவது உண்டா என்று அதிகாரி கேட்டார். எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். உடையப்பன் மாஃபி, இல்லை என்றார்.

சொல்லி வாயை மூடுவதற்குள் தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் வாயிலிருந்து போன வார்த்தையைப் பின்னால் ஓடிப்போய்ப் பிடிப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும், அது அவரிடம் இல்லை. அதிகாரி பின்கதவைத் திறக்கச் சொன்னார். பெண் போலீஸ் ஒருவரும் வந்தார். காளியம்மாவை மரியாதையாக இறங்கச் சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது.

கறுப்புப் பையைத் திறந்து பார்த்த பிறகு அந்த இடத்தின் பேச்சே மாறிப்போயிற்று. இளம் அதிகாரி முன்பைவிடத் தாழ்ந்த குரலில்தான் கேட்டார், இது யாருடையது என்று. உடையப்பன் இப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். அட்டை டேஷ்போர்டு அறைக்குள் இருக்கிறது, கை நீட்டினால் எட்டும். அவர் வாயில் வந்தது அல் குசைஸ் கேம்பில் கற்ற பாடம்.

"மாஃபி மாலூம். கூடை அந்தம்மாவோடது."

இரண்டாவது வாக்கியத்தை யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பேசு என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதர், கேட்காமலே சொன்ன ஒரே விஷயம் அதுதான். காளியம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி காளியம்மாவிடமும் கேட்டார். காளியம்மா ஒன்றும் சொல்லவில்லை. பயத்தில் அவளுக்கு அரபி வரவில்லை என்று உடையப்பன் நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

இரண்டு பேரையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். நாசர் ஆஸ்பத்திரியில் போனை அணைத்து வைத்திருந்தார். மறுநாள் காலைதான் வந்தார். துப்பாக்கி அப்பாவுடையது, அனுமதி வண்டியிலேயே இருக்கிறது, டிரைவர் எங்கள் ஆள் என்று எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்தில் உடையப்பன் வெளியே வந்துவிட்டார்.

காளியம்மா வரவில்லை. அவர் காலடியில் இருந்த கூடையிலிருந்து எஜமானரின் துப்பாக்கி கிடைத்திருக்கிறது. கையில் நாலு நாளில் ஊர் போக டிக்கெட். திருடிக்கொண்டு கிளம்பினாரா, யாருக்காவது கொடுக்கக் கொண்டுபோனாரா என்று அவர்கள் கேட்காமல் விடுவார்களா? துப்பாக்கியை யாரிடம் கொடுத்தேன் என்று உரிமையாளர் தன் வாயால் சொல்ல வேண்டும் என்றார்கள். உரிமையாளர் அறுவை சிகிச்சை முடிந்து, வாயில் குழாயோடு, கண் திறக்காமல் கிடந்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் நாசர் கேட்டார், அப்பா இதை அவளிடம் கொடுத்தாரா, நீ பார்த்தாயா என்று. உடையப்பன் பார்க்கவில்லை என்றார். நான் வைத்தேன் என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே காளியம்மா வீட்டுக்கு வந்திருப்பார். இவர் உள்ளே போயிருப்பார். போலீஸிடம் பொய் சொன்னதற்கு என்ன கிடைக்கும் என்று இவருக்குத் தெரியாது. ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்பி வரவே முடியாது என்று மட்டும் தோன்றியது. மகள் உமாராணிக்கு நர்சிங் படிப்பில் இன்னும் ஒரு வருடம் பாக்கி. அதை நினைத்தேன் என்று பின்னால் வடிவிடம் சொன்னார். நினைத்ததும் உண்மைதான். ஆனால் முதலில் நினைத்தது தன்னைத்தான், மகள் அப்புறம்தான் வந்தாள். அது அவருக்கும் தெரியும்.

நாளைக்குப் பாபா கண் திறந்துவிடுவார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அந்த நாளை என்பது எட்டு நாளைக்கு இழுத்தது. தினமும் காலையில் நாசரை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, வாசலிலேயே வண்டிக்குள் உட்கார்ந்திருப்பார். பாபா பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். பாபா பேசினால் தன் கதை என்னாகும் என்றும் பயந்தார். இரண்டையும் ஒரே மூச்சில் செய்வதற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. சோறு இறங்கவில்லை. சமையலறைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

டிக்கெட் தேதி தாண்டின மறுநாள் மேனுஜாவிடமிருந்து போன் வந்தது. அம்மா நம்பர் அணைந்தே இருக்கிறது, நேற்று வர வேண்டியவர் வரவில்லை, என்ன மாமா என்று கேட்டாள். கல்யாணத்தைத் தள்ளி வைக்கட்டுமா என்றும் கேட்டாள். மாப்பிள்ளை வீட்டில் சம்மதிக்கிறார்கள், மண்டபத்தில் மட்டும் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்றாள்.

உண்மையைச் சொன்னால் என் அம்மா ஏன் உள்ளே இருக்கிறாள் என்று கேட்பாள். பாபாவுக்குச் சீரியஸ், அம்மா ஆஸ்பத்திரியிலேயே கூட இருக்கிறாள், உள்ளே போன் எடுத்துப் போகக் கூடாது என்றார்.

"தள்ளி எல்லாம் வைக்க வேணாந்தாயி. ரெண்டு நாள்ல உங்கம்மா வந்துருவா. நீ மனசப் போட்டு அலட்டிக்காத."

போனை வைத்த பிறகு வண்டியை விட்டு இறங்கி நின்றார். திரும்பக் கூப்பிட்டு, தள்ளி வை தாயி என்று சொல்ல நம்பரை எடுத்தார். நாசர் வருவது தெரிந்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று முழுக்க அந்தப் போன் பைக்குள்தான் இருந்தது.

மேனுஜா கழுத்தில் தாலி ஏறியதை அவளுடைய அம்மா பார்க்கவில்லை. மறுநாள், ஒன்பதாம் நாள், பாபா பேசினார்.

போலீஸ் அதிகாரிகள் படுக்கையருகே வந்து, சாவடியில் நடந்ததைச் சொல்லிக் கேட்டார்கள். உடையப்பன் வெளியே வராந்தாவில் நின்றார். கதவு பாதி திறந்திருந்தது. பாபா நிறுத்தி நிறுத்தி, ஆனால் தெளிவாகவே சொன்னார். மயக்கம் வந்த நேரத்தில் நானே அந்தக் கூடைக்குள் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. டிரைவருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. குற்றம் என்னுடையது.

கேட்காத கேள்விக்கும் போலீஸிடம் பதில் சொல்லிப் பழகின மனிதர், எழுபத்தாறு வயதில், தையல் பிரிக்காத நெஞ்சோடு படுத்துக்கொண்டு, உடையப்பனுக்காகப் பொய் சொன்னார்.

அவர்கள் போனதும் பாபா இவரை உள்ளே கூப்பிட்டார். நிஜத்தைச் சொன்னால் அவள் வெளியே வருவாள், நீ உள்ளே போவாய், எனக்கு இனி அந்தக் கணக்கெல்லாம் பார்க்கத் தெம்பில்லை என்றார். பிறகு, இரண்டு அட்டையும் ஒன்றாகத்தானே இருந்தது, ஒன்றை மட்டும் ஏன் எடுத்தாய் என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. நிஜமாகவே புரியாதவர்போலக் கேட்டார். உடையப்பன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பாபா அந்த மாதமே துப்பாக்கியையும் அனுமதியையும் நாசர் மூலம் திருப்பி ஒப்படைத்துவிட்டார்.

வண்டியின் சாமான்களைத் திரும்ப வாங்க ஸ்டேஷனுக்குப் போனபோது, சாவடியில் நிறுத்திய அதே இளம் அதிகாரி இருந்தார். எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, உடையப்பனுக்குப் புரிகிற மாதிரி இந்தியில் சொன்னார். பாய், நான் கேட்பதற்கு முன்னால் நீ சொல்லியிருந்தால் துப்பாக்கியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்குப் போன் பண்ணிவிட்டு, உங்கள் இரண்டு பேரையும் டீ கொடுத்து அனுப்பியிருப்பேன். பெரியவரை எனக்குத் தெரியும், இரண்டு முறை அந்தச் சாவடியில் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சொன்ன பிறகு நானாகக் கண்டுபிடித்தால் நான் என்ன செய்ய முடியும்? உடையப்பன் அச்சா சாப், அச்சா சாப் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்.

காளியம்மா மெலிந்து வந்திருந்தார். மேனுஜாவோடு போனில் பேசினார், அழுதார், பிறகு சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார். ஒரு வாரத்தில் வீட்டார் வேறு டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். மஸ்கட் விமான நிலையத்துக்கு உடையப்பன்தான் கொண்டுபோனார். இரண்டரை மணி நேரப் பாதை. சொல்லிவிட வேண்டும் என்று சஹம் வரும்போது நினைத்தார், பர்கா தாண்டும்போது நினைத்தார். காளியம்மா பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை இறக்கி வைத்தபோது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே என்றார். பாபாவை நேரத்துக்கு மாத்திரை சாப்பிடச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். திரும்பி வரவில்லை. விசா முடிந்ததும் வீட்டம்மா வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் உடையப்பனிடம் வேறு ஒரு கிறுக்கு வந்துவிட்டது. சாவடியில் நிறுத்தினால், கேட்பதற்கு முன்பே வண்டிக்குள் இருப்பதையெல்லாம் ஒப்பிக்க ஆரம்பித்துவிடுவார். தண்ணீர்க் கேன் இருக்கிறது, பெரியவருடைய போர்வை இருக்கிறது, மாத்திரை இருக்கிறது, அதற்கு டாக்டர் எழுதின சீட்டும் இருக்கிறது. போலீஸ்காரர்கள் சிரிக்கிறார்கள். பக்கத்தில் பாபா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இப்போது யாருக்கும் தேவையில்லாத இந்த உண்மையைச் சொல்லும்போதெல்லாம் உடையப்பனுக்குத் தன்மேல் எரிச்சல்தான் வருகிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், மேனுஜாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று கேள்விப்பட்டார். வடிவுதான் சொன்னாள். அவளும் காளியம்மாவும் போனில் பேசிக்கொள்வதுண்டு. பத்து மாதமாகக் காளியம்மாவிடம் பேசாமல் இருந்தவர் அன்று கூப்பிட்டுவிட்டார். குழந்தையைப் பற்றிக் கேட்டார். தலைமுடி நிறைய என்றார் காளியம்மா. உடையப்பன் பாபாவைப் பற்றிச் சொன்னார். பிறகு இனியும் தாங்காது என்று ஆகிவிட்டது. வாய் குழற, முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினார். கூடையில் வைத்தது நான், பாபா இல்லை. அட்டை என் கையில் இருந்தது. சாவடியில் உன் கூடை என்று சொன்னவன் நான். கல்யாணத்தைத் தள்ளி வைக்க வேண்டாம் என்று உன் பிள்ளையிடம் சொன்னவனும் நான்.

போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். ஆகவில்லை.

"தெரியும் அண்ணே," என்றார் காளியம்மா. "பதினோரு வருசம் பாபா வீட்டுப் புள்ளைகளோட அரபிலதானே பேசுனேன். நீங்க அந்தப் போலீஸ்காரப் பிள்ளைகிட்ட என்ன சொன்னீங்கன்னு எனக்கு நல்லா வெளங்கிச்சு. கூடயில கை வச்ச உடனேயே அது என்ன சாமான்னும் தெரியும்."

பிறகு ஏன் நீ சொல்லவில்லை என்று உடையப்பன் கேட்டார். உன்னிடமும்தானே கேட்டார்கள், ஒன்பது நாளும் கேட்டிருப்பார்களே, டிரைவர்தான் வைத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பிள்ளை கல்யாணத்துக்குப் போயிருக்கலாமே.

"நான் சொன்னா ஒங்கள புடிச்சிருவாங்க. நீங்களா வந்து சொன்னா, மன்னிச்சி விட்டுருவாங்கன்னு நெனச்சேன். பாபாவ எத்தன தடவ விட்டிருக்காங்க." காளியம்மா ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். "தெனம் அந்தக் கதவு தெறக்குற சத்தம் கேட்டா, அண்ணன் சொல்லிட்டாருன்னு எந்திரிச்சி முந்தானைய சரிபண்ணிக்கிட்டு நிப்பேன். சாப்பாடு வச்சிட்டுப் போயிருவாங்க."